கை நீட்டிக் கேட்ட பெயர்

மெல்போர்ன் மருத்துவமனைகளில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்று தமிழை ஆங்கிலமாக்குவது என் வேலை. அது தெரிந்ததும் யாராவது அந்தக் கங்காரு கதையை எடுத்துவிடுவார்கள். 'இது என்ன விலங்கு?' என்று வெள்ளைக்காரர் கேட்டாராம், 'தெரியாது' என்ற பொருளில் 'கங்காரு' என்று பதில் வந்ததாம். நல்ல கதைதான். நடந்தது அதுவல்ல.

1770 ஜூனில் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் எண்டவர் கப்பல் பவளப்பாறையில் மோதி ஓட்டையானது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், இன்றைய குக்டவுனில், ஆற்றங்கரையில் ஏறக்குறைய ஏழு வாரம் நிறுத்திப் பழுது பார்த்தார்கள். அங்குள்ள மக்களின் மொழி கூகு யிமித்திர். கப்பலில் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் ஜூலையில் அவர்களிடமிருந்து கங்காரு என்ற பெயரைக் குறித்துக்கொண்டார். பெரிய கங்காருக்களில் ஒரு வகைக்கு மட்டுமே அவர்கள் சொல்லும் பெயர் அது. மற்ற வகைகளுக்கு வேறு பெயர்கள். உச்சரிப்பு கிட்டத்தட்ட 'கஙுரு'. அரிச்சுவடியோடு நாம் மறந்துபோன 'ஙு' இங்கே உதவிக்கு வருகிறது!

1820இல் கடற்படை அதிகாரி பிலிப் பார்க்கர் கிங் அதே ஆற்றங்கரையில் அதே விலங்கின் பெயரைக் கேட்டார். கிடைத்தது வேறு சொல். அது 'மின்ஹா'வாக இருக்க வேண்டும். உண்ணத்தக்க விலங்கு, இறைச்சி என்று பொருள். குக் தரப்பு தப்பாகக் கேட்டுவிட்டது என்ற சந்தேகம் அப்படித்தான் வளர்ந்தது. 1970களில் மொழியியலாளர் ஜான் ஹேவிலண்ட் அந்த மக்களிடையே மொழியைப் பயின்று ஆராய்ந்த பிறகே பழைய குறிப்பு சரி என்று உறுதியானது. என்னைக் கேட்டால் இரண்டு பதிலும் சரி. விரல் விலங்கைக் காட்டியது. வகையைக் கேட்கிறாரா, கறியைக் கேட்கிறாரா என்று விரல் சொல்லாது.

எங்கள் வேலையில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். ஓர் அம்மா 'மயக்கமா வருது' என்றார். நான் வாய் திறப்பதற்குள், நினைவு தப்புகிறது என்று மகன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். மருத்துவர் உடனே இதயப் பரிசோதனைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, "தலை சுத்துதாம்மா, இல்ல நினைவே போயிடுதா?" என்றேன். தலைசுற்றல்தான். "ரெண்டும் மயக்கம்தானே?" என்றார் மகன். தமிழில் ஆமாம்.

இங்கே அரசு மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளருக்காக நோயாளி கட்டணம் கட்ட வேண்டியதில்லை. நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். இலங்கைத் தமிழா, தமிழ்நாட்டுத் தமிழா என்பதையும் சொன்னால் இன்னும் நல்லது.