வழுக்கினாரா, தடுக்கினாரா, மயங்கினாரா? வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு

இந்த வாரமும் அதே தவறு. வெளிநாட்டு வேலைக்காக மருத்துவத் துறையினர் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் எழுத்துப் பகுதிக்கு, நோயாளி பற்றிய குறிப்புகளைப் படித்துக் கடிதம் எழுத வேண்டும். அதற்கான பயிற்சியில் நான் கொடுத்த குறிப்புகளில், அதாவது கேஸ் நோட்ஸில், 'ட்ரிப்ட் ஓவர் எ ரக்' என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. வீட்டுக் கம்பளத்தில் கால் தடுக்கி விழுந்த 78 வயது அம்மா, இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. திரும்பி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'கொலாப்ஸ்டு அட் ஹோம்', அதாவது வீட்டில் துவண்டு சரிந்தார், என்று எழுதியிருந்தார்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், "ஒரே வார்த்தையைத் திரும்ப எழுதினா மார்க் குறையும்னு சொன்னாங்க மேடம், அதான் சினானிம் போட்டேன்" என்கிறார்கள்.

யார் சொன்னது? ஓஇடி கடிதத்தை ஆறு விஷயங்களை வைத்துத் திருத்துகிறார்கள்: எழுதிய நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், துறைக்கேற்ற நடை, அமைப்பு, மொழி. சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு அழகு காட்டுவதற்கு அதில் தனி மதிப்பெண் கிடையாது. நீங்கள் மாற்றிய அந்த ஒரு சொல்லால் உள்ளடக்கமே தப்பாகிப்போய், மதிப்பெண் அங்கேதான் போகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, 'வாக் என்பதற்கு 50 சொற்கள்' என்றொரு பிடிஎஃப், அதைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் அசைவைச் சொல்லும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஒவ்வொன்றும் எப்படி அசைந்தார், ஏன் அசைந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. மருத்துவமனையில் அந்த 'ஏன்'தான் நமக்கு வேண்டும்.

தடுக்கி விழுந்தார் என்று படிக்கும் டாக்டர் மணிக்கட்டைப் பார்ப்பார். அப்புறம் கண்பார்வை, செருப்பு, வீட்டுத் தரை பற்றிக் கேட்பார். 'கொலாப்ஸ்' என்று படித்தால் அவர் மனம் நேராக இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் போகும். நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், யாராவது பார்த்தார்களா என்று கேட்டு, ஈசிஜி எடுக்கச் சொல்வார். இல்லாத நோயைத் தேடி அந்த அம்மாவை அலைக்கழிப்பது ஒரு பக்கம். இதையே திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். உண்மையில் மயங்கி விழுந்தவரை 'ஸ்லிப்ட்' என்று எழுதிவிட்டால், கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார். மயக்கத்தின் காரணத்தை யாரும் தேடமாட்டார்கள். அடுத்த மயக்கம் மாடிப்படியில் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுவதால் இறக்கிறார்கள். விழுவதைச் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

இதில் எனக்கு ஆதங்கம் என்னவென்றால், இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியாததே இல்லை. ஊரிலிருந்து அம்மா போன் செய்து "பாட்டி தடுக்கி விழுந்துட்டாங்க" என்றால் ஒரு மாதிரி பதறுவீர்கள், "மயங்கி விழுந்துட்டாங்க" என்றால் வேறு மாதிரி பதறுவீர்கள். தமிழில் வழுக்கி, தடுக்கி, மயங்கி, தள்ளாடி என்று முதலில் ஒரு சொல்லைப் போட்டு எப்படி என்பதைச் சொல்லிவிட்டு, கடைசியில் 'விழுந்தார்' என்கிறோம். ஆங்கிலம் பெரும்பாலும் அந்த 'எப்படி'யை வினைக்குள்ளேயே வைத்துவிடுகிறது. நீங்கள் மொழிபெயர்க்கும்போது கடைசியில் இருக்கும் 'விழுந்தார்' மட்டும் 'ஃபெல் டவுன்' ஆகிறது, முன்னால் இருந்தது காணாமல் போகிறது. கால் சறுக்கினால் ஸ்லிப், எதிலாவது கால் இடறினால் ட்ரிப், கால் தடுமாறி விழாமல் சமாளித்தாலும் ஸ்டம்பிள், உடம்பே துவண்டு சரிந்தால் கொலாப்ஸ், நின்றுகொண்டிருக்கும்போதே முட்டி மடங்கிப்போனால் 'மை லெக் கேவ் வே' என்பார்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மூட்டுப் பிரச்சினையாக இருக்கலாம், பக்கவாதத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

காரணம் தெரியவில்லையா? சரி, 'ஹேட் எ ஃபால்' என்று எழுதுங்கள், அதில் குற்றமே இல்லை. யாரும் பார்க்காதபோது விழுந்து கிடந்தால் 'ஃபவுண்ட் ஆன் தி ஃப்ளோர்' என்று எழுதுங்கள். கட்டிலிலிருந்து விழுந்தார் என்று நீங்களாகக் கதை கட்ட வேண்டாம். யாரும் பார்க்கவில்லை என்றால் தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அவரைக் கவனிக்க வேண்டும். நீங்கள் கட்டிய கதை அந்தக் கவனிப்பைக் கெடுத்துவிடும்.

நடையிலும் இதே கதைதான். காலைத் தரையிலிருந்து தூக்காமல் சின்னச் சின்ன அடியாகத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் ஷஃபிள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோய் ஞாபகம் வரும். ஒரு காலை நொண்டினால் லிம்ப். அந்தக் காலில் வலியா, காயமா என்று தேடுவார்கள். ஸ்டாகர் என்பதைக் கவனமாகப் பயன்படுத்துங்கள், குடித்துவிட்டுத் தள்ளாடுவது போன்ற தொனி அதில் ஏறிக்கொள்ளும், நோயாளியின் குடும்பம் படித்தால் வருத்தப்படும். நிதானமில்லாமல் நடக்கிறார் என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் 'அன்ஸ்டெடி ஆன் ஹிஸ் ஃபீட்' போதும். மறதி நோய் உள்ளவர்களை 'வாண்டரிங்' என்று எழுதுவதையும் பிரிட்டனில் இப்போது பலர் விரும்புவதில்லை, 'வாக்கிங் வித் பர்ப்பஸ்' என்கிறார்கள். அவர் காரணமில்லாமல் அலையவில்லை, கழிவறையையோ வீட்டையோ தேடிக்கொண்டிருக்கலாம் என்பதை அது நினைவூட்டுகிறது. எனக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது.

பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் விழப்போவது 'மொபிலைஸ்'. ஆள் திரட்டுவது இல்லை, நோயாளியை எழுப்பி நடமாட வைப்பது. 'ட்ரான்ஸ்ஃபர்ஸ் வித் ஒன்' என்று குறிப்பில் இருந்தால் வேறு வார்டுக்கு மாற்றுகிறார்கள் என்று பெட்டியைக் கட்டாதீர்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஒரு ஆள் உதவி தேவை என்று அர்த்தம். 'வித் டூ' என்றிருக்கும்போது ஒருவராகத் தூக்கப் போய், உங்கள் முதுகும் போய், நோயாளியும் விழுந்தால், அதற்குப் பெயர் அவசரம் இல்லை, அலட்சியம். நம்மூரில் நோயாளியை ஐசியுவுக்கு 'ஷிஃப்ட்' பண்ணுகிறோம். அங்கே 'மூவ்' அல்லது 'ட்ரான்ஸ்ஃபர்' என்று சொல்லுங்கள். ஷிஃப்ட் என்றால் டூட்டி நேரம்தான் அவர்கள் மனதில் வரும்.

நோயாளிகள் பேசுவது இன்னொரு உலகம். பரீட்சையில் பி கிரேடு வாங்கியவர்கள்கூட இங்கேதான் திணறுகிறார்கள். 'ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன்' என்று ஒரு தாத்தா சொன்னால் சிரிக்காதீர்கள், திடீரென்று தலைசுற்றியது அல்லது மயக்கம் வந்தது என்கிறார். உட்காரவைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். 'ஐ ப்ராட் அப் மை பிரேக்ஃபாஸ்ட்' என்றால் காலைச் சாப்பாட்டை யாரும் மேலே கொண்டு வரவில்லை, வாந்தி எடுத்திருக்கிறார். 'தி ரன்ஸ்' வயிற்றுப்போக்கு. 'ஹேவ் யூ பீன்?' என்றால் எங்கே போனாய் என்று கேட்கவில்லை, கழிவறைக்குப் போனீர்களா என்று கேட்கிறார்கள். மயக்க மருந்து தெளிந்தவர் 'கம் ரவுண்ட்' ஆகிவிட்டார்.

'பாஸ்' என்ற ஒரு சொல்லிலேயே எத்தனை இருக்கிறது பாருங்கள். பாஸ் வாட்டர் சிறுநீர் கழிப்பது, பாஸ் அவுட் மயங்குவது, பாஸ் அவே இறப்பது. நள்ளிரவில் மகளுக்கு போன் செய்து அப்பா மயங்கிவிட்டார் என்று சொல்ல வந்த இடத்தில் 'அவுட்'டுக்குப் பதில் 'அவே' என்று வாய் தவறினால் அந்தப் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆகவே போனில் இந்த இரண்டையுமே தவிருங்கள். 'ஃபெயின்டட்' என்று சொல்லுங்கள், இறந்திருந்தால் 'டைடு' என்றே சொல்லுங்கள், கடினமாக இருந்தாலும். அப்புறம், படிப்பை முடித்ததைச் சொல்ல நேர்காணலில் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று சொல்லாதீர்கள். 'கிராஜுவேட்டட்' என்றால் போதும்.

கேஸ் நோட்ஸில் இருக்கும் அசைவுச் சொல்லை அப்படியே எழுதுங்கள், மாற்றாதீர்கள். நோயாளி விழுந்ததைச் சொன்னால் விழுவதற்குச் சற்று முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார், எப்படி உணர்ந்தார், விழுந்தது முழுக்க ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மூன்று நிமிடத்தில் வந்துவிடும். ஸ்லிப்பா, கொலாப்ஸா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அவர் சொன்னது புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள், சிஸ்டர். 'சாரி, டூ யூ மீன் யூ ஃபெல்ட் டிஸி?' என்று கேட்பதற்கு யாரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். அவர் வாயிலிருந்து வந்த சொல்லையே மேற்கோள் குறிக்குள் போட்டுக் குறிப்பில் எழுதிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சீனியரிடம் காட்டுங்கள்.