சித்தன்னவாசலுக்கு யாரோடு போகிறீர்கள்?

புதுக்கோட்டைப் பக்கம் சுற்றுலா ஏற்பாடு செய்து தரும்படி கேட்பவர்கள், “அங்கே பார்க்க என்னங்க இருக்கு?” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் பதிலுக்கு, “யார் யார் வர்றீங்க?” என்று கேட்பேன். சிலருக்கு இது பிடிக்காது. ஆனாலும் கேட்காமல் விடுவதில்லை.

காரணம் இருக்கிறது. ஊட்டிக்கோ மாமல்லபுரத்துக்கோ எப்படிப்பட்டவர் போனாலும் ஊரே அவரைப் பார்த்துக்கொள்ளும். ஆட்டோ நிற்கும், சாப்பாட்டுக் கடை இருக்கும், கூட்டம் போகிற பக்கம் போனாலே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆள் அதிகம் வராத இடங்களில் இந்த வசதி எதுவும் கிடையாது. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுவரம் என்ற பழைய சிவன் கோயிலுக்கு வெறும் பாறைமேல் நடந்துதான் ஏற வேண்டும். வழியில் நிழல் இல்லை, கடை இல்லை. பல நாட்களில் வேறு ஆளே இருக்கமாட்டார்கள். அந்தத் தனிமை ஒருவருக்கு வரம், இன்னொருவருக்குப் பயம். ஊர் மாறவில்லை, போகிறவரின் சுபாவம்தான் மாறுகிறது.

ஒரு தம்பதியைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போயிருந்தேன். கணவர் ஓய்வுபெற்ற அதிகாரி. நேர அட்டவணையைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அங்கே இருக்கும் அறிவர் கோயில் ஒரு சின்னக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில். முன்மண்டபம், அதற்குள் ஒரு கருவறை, அவ்வளவுதான். உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்துவிட்டார். “இவ்வளவுதானா? வாம்மா, திருமயம் போகணும், நேரமாச்சு.”

அந்த அம்மா வரவில்லை. முன்மண்டபத்தில் நின்று கூரையில் தீட்டியிருக்கும் ஓவியத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் பச்சையும் பழுப்புமாக ஏதோ திட்டுத்திட்டாகத்தான் தெரியும். கண் பழகப் பழகத்தான் அது ஒரு தாமரைக் குளம் என்று பிடிபடும். இலைகளுக்கு நடுவே மீன் தெரியும், பிறகு வாத்து, யானை, எருமை. பூப்பறிக்கிற மனிதர்கள் கடைசியில் வருவார்கள். “என்னங்க, இங்க வாங்களேன், இந்த ஆளு தாமரைத் தண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறான் பாருங்க” என்று அவர் கூப்பிட்டபோது கணவர் காருக்குப் பக்கத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் 9ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. அன்று தீட்டிய வண்ணத்தில் மிச்சமிருப்பதைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் கொடுத்தே ஆக வேண்டும். அவசரக்காரருக்கு அது தெரியவே தெரியாது. அதற்காக அவரைக் குறை சொல்லமாட்டேன். சாயங்காலம் திருமயம் கோட்டை உச்சியில், பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று ஊரைச் சுற்றிப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அசலானது. 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை அது. மதில், படி, உச்சி என்று எல்லாம் கண்ணுக்கு நேராக, அளந்து பார்க்கிற மாதிரி இருக்கும். அவருக்கான இடம் அது.

ஸ்டான்லி பிளாக் என்ற அமெரிக்க உளவியலாளர், வசதி இருந்தும் சிலர் ஏன் விமானம் ஏறுவதில்லை என்று ஆராயத் தொடங்கி, பயணிகளின் குணத்தையே ஒரு கோட்டில் வரிசைப்படுத்தினார். 1974இல் இதைக் கட்டுரையாக எழுதினார். கோட்டின் ஒரு முனையில் பழகிய சாப்பாடு, பழகிய இடம், கூட்டம் வேண்டுகிறவர்கள். மறுமுனையில் யாரும் போகாத இடத்தைத் தேடிப் போகிறவர்கள். பெரும்பாலானவர்கள் நடுவில். தேடிப் போகிறவர்கள் முதலில் வருவார்கள், அவர்கள் சொல்லக் கேட்டு நடுவில் இருப்பவர்கள் வருவார்கள், ஊரில் விடுதியும் கடையும் பெருகும், உடனே முதலில் வந்தவர்கள் வேறு ஊர் பார்த்துப் போய்விடுவார்கள் என்பது அவர் கணிப்பு. எத்தனையோ மலை ஊர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஓர் ஆளை ஒரே புள்ளியில் நிறுத்திவைக்க முடியாது. இமயமலையில் கூடாரம் போட்டுத் தூங்கிய பையன், அம்மாவை அழைத்துக்கொண்டு கொடும்பாளூர் மூவர் கோவிலுக்கு வரும்போது வழியெல்லாம் கழிப்பறை எங்கே என்று பதறுகிறான். வெளியூர்ச் சாப்பாடே ஒத்துக்காது என்று மகள் எச்சரித்த அத்தை, நார்த்தாமலை அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற பெண்ணோடு உட்கார்ந்து, எந்த மாசம் சுனை நிறையும், ஆட்டுக்கு என்ன சீக்கு வரும் என்று ஊர்க்கதை பேசி, அந்தப் பெண்ணின் தூக்குச்சட்டியிலிருந்தே கூழும் வாங்கிக் குடிக்கிறார். தூக்கம், பசி, வெயில், கூட வருகிறவர் எல்லாம் சேர்ந்துதான் அன்றைய குணம். அதனால்தான் “நீங்க எப்படிப்பட்டவர்?” என்று கேட்காமல் “யார் யார் வர்றீங்க?” என்று கேட்கிறேன்.

எனக்கு மிகவும் கவலை தருகிறவர் துணிச்சல்காரர்தான். வசதி தேடுகிறவர் முணுமுணுப்பார், ஆனால் பத்திரமாக வீடு போய்ச் சேர்வார். துணிச்சல்காரர் போட்டிருக்கும் பாதையை விட்டு விலகுவார். சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்று ஒரு குகை. சமணத் துறவிகள் படுக்க வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் அங்கே உண்டு. ஒன்றில் ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. மலை ஏறி மறுபக்கம் இறங்கிப் பாறை விளிம்பை ஒட்டித்தான் போக வேண்டும். அங்கே கம்பித் தடுப்பு போட்டிருப்பது அலங்காரத்துக்கு இல்லை. அதற்கு வெளியே நின்று செல்ஃபி எடுக்கிறவரை நான் கையைப் பிடித்தே இழுத்திருக்கிறேன், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தப் பாறை அடுப்பில் வைத்த தோசைக்கல். அரை லிட்டர் தண்ணீரோடு, “நாங்க பார்க்காத வெயிலா?” என்று கிளம்புகிறவர் பாதியில் தலைசுற்றி உட்கார்ந்தால் தூக்கிவரக்கூட ஆள் கிடைக்காது.

அடுத்தவர் பட்டியல்காரர். ஒரே நாளில் குடுமியான்மலை, நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம், விராலிமலை எல்லாம் முடித்தாக வேண்டும் அவருக்கு. எங்கே போனாலும் வந்ததற்கு ஓர் அடையாளம் வேண்டும். படம் எடுத்துப் போனால் சரி, ஆனால் சிலருக்குப் பாறையில் பெயர் கீறுகிற பழக்கம் வந்துவிடுகிறது, ஓவியத்தைத் தொட்டுப் பார்க்கிற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆள் இல்லாத இடம் என்பதால் தடுக்கவும் ஆள் இருக்காது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். தண்டனைக்குப் பயந்தாவது கை வைக்காமல் இருங்கள். 1100 ஆண்டு தாங்கிய வண்ணம் விரல் வியர்வையைத் தாங்காது.

சரி, கலவையான குடும்பம் என்றால் என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டே இடம். அவற்றில் ஒன்று சுற்றிப் பார்க்க, ஒன்று உட்கார்ந்து பார்க்க. காலை வெயில் ஏறுமுன் நார்த்தாமலை. அங்கே விஜயாலய சோழீச்சுவரத்தில் சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறையையும், எதிர்க் குடைவரையில் வரிசையாக நிற்கும் 12 திருமால் உருவங்களையும் காட்டுகிறேன். ஏற முடியாதவர்களை ஏற வற்புறுத்துவதில்லை. அவர்களை அடிவாரத்திலேயே ஊர்க்காரர் ஒருவரோடு பேச்சில் உட்கார வைத்துவிட்டுப் போவேன். மதியம் புதுக்கோட்டை டவுனில் நல்ல சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். அப்புறம்தான் அடுத்த இடம். அங்கே அவசரக்காரர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே காத்திருக்கலாம், நிதானக்காரர் உள்ளே இருக்கலாம். எல்லோரும் ஒன்றாகவே நிற்க வேண்டும், ஒன்றாகவே நகர வேண்டும் என்ற பிடிவாதம்தான் பல குடும்பப் பயணங்களைக் கெடுக்கிறது.

வீடு திரும்பியதும் இணையத்தில் “ஒண்ணுமே இல்லை, வேஸ்ட்” என்று ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய ஊர்களுக்கு அது உறைக்காது. இங்கே வாசலில் இளநீர் விற்கிறவருக்கு வருவதே நாளுக்கு நாலைந்து கார். “நாங்கள் குழந்தைகளோடு, மதியம் 12 மணிக்கு, மே மாதத்தில் போனோம்” என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படிக்கிறவர் தன் நிலைமைக்கு ஏற்ப முடிவு செய்துகொள்வார்.

எந்த ஏற்பாட்டாளரிடம் பேசினாலும் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், யார் கூட்டம் இல்லாவிட்டால் பயப்படுவார், யாருக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்தால் சலிக்கும். கார்த்திகை முதல் மாசி வரை என்றால் மேலே சொன்ன இடங்கள் எல்லாவற்றுக்கும் அழைத்துப் போவேன். மே மாதம் கேட்டால், வயதானவர்கள் இருக்கிற குடும்பத்துக்கு நார்த்தாமலையும் ஏழடிப்பட்டமும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், முன்பணம் கையில் இருந்தாலும்.