தோஞா மரியாவைத் தமிழில் எப்படி அழைப்பது?

ஸ்பானிய மொழியில் பெண்களின் பெயருக்கு முன் வரும் மரியாதைச் சொற்கள் மூன்று: செஞோரா, செஞோரீத்தா, தோஞா. மொழிபெயர்க்கும்போது மூன்றையும் ‘திருமதி’ என்று முடித்துவிடக் கை துறுதுறுக்கும். அவசரப்பட வேண்டாம்.

முதலில் எழுத்து. ஆங்கிலம் வழியாகவே படித்துப் பழகியதால் ‘சினோரா’, ‘டோனா’ என்று எழுதுகிறோம். அங்கே ஒலிப்பது ‘ஞாயிறு’ என்பதில் வரும் நம் ஞகரம். எழுத்து கைவசம் இருக்கையில் ஏன் விட வேண்டும்?

செஞோராவின் வேர் லத்தீன் ‘செனியோர்’. மூத்தவர் என்று பொருள். வயதில் மூத்தவரைச் சொன்ன சொல், பிறகு அதிகாரத்தில் பெரியவரையும் குறித்தது. நம் ‘பெரியவர்’ போல. அதே செனியோர்தான் பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சுற்றி வந்து நம் வாயில் ‘சார்’ ஆயிற்று.

தோஞா பிறந்தது லத்தீன் ‘தோமினா’விலிருந்து. ‘தோமுஸ்’ என்றால் வீடு. தோமினா வீட்டுக்கு உரியவள், வீட்டை ஆள்பவள். இல்லிலிருந்து இல்லாள், மனையிலிருந்து மனைவி வந்ததை நினைத்துப் பாருங்கள். நம் சொற்கள் ஒருவனின் துணை என்ற பொருளில் நின்றுவிட்டன. அவர்களுடையது வாசல் தாண்டி மரியாதைப் பட்டமாயிற்று. பிரெஞ்சில் தோமினா ‘தாம்’ ஆகி, ‘என்’ என்பதும் முன்னால் சேர்ந்து ‘மதாம்’ ஆனது. வங்கியில் நாம் கூப்பிடும் ‘மேடம்’ அதுவே. தோஞாவுக்கு உடன்பிறப்பு.

செஞோரா குடும்பப் பெயரோடு சேரும், தோஞா இடுபெயரோடு சேரும். செஞோரா கார்சியா, தோஞா மரியா. ‘தோஞா கார்சியா’ என்றால் காதில் உறுத்தும். ஸ்பெயினில் பெண்கள் மணமானாலும் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. ஆகவே செஞோரா கார்சியாவின் ‘கார்சியா’ அவர் பிறந்த வீட்டுப் பெயர். ‘செஞோரா தே கார்சியா’ என்று நடுவில் ஒரு ‘தே’ வந்தால் மட்டுமே கார்சியாவின் மனைவி. ஓர் எழுத்தைத் தவறவிட்டால் கணவர் பெயர் அப்பா வீட்டுப் பெயராகிவிடும்.

செஞோரீத்தாவில் இருப்பது ‘சின்ன’ என்று காட்டும் சிறுமை விகுதி. மணமாகாத பெண்ணுக்கு உரியது. ஆனால் ஸ்பெயினில் பள்ளிப் பிள்ளைகள் மணமான ஆசிரியையையும் அப்படித்தான் அழைப்பார்கள், ‘செஞோ’ என்று சுருக்கியும் கூப்பிடுவார்கள். நம் பிள்ளைகளின் ‘மிஸ்’ நினைவுக்கு வருகிறதா? இதன் ஆண்பாலான ‘செஞோரீத்தோ’ மணமாகாதவனைக் குறிப்பதில்லை. பண்ணை வீட்டுச் சின்ன எசமானை, நோகாமல் வளர்ந்தவனைக் குறிக்கும். ஆணுக்குத் திருமணம் ஆயிற்றா என்று எந்தப் பட்டமும் கேட்பதில்லை. அதனால்தான் வளர்ந்த பெண்கள் எல்லாரையும் செஞோரா என்றே அழைக்கும் வழக்கம் இன்று பெருகிவருகிறது. அதுவே நியாயம் என்பது என் எண்ணம்.

தமிழில் என்ன சொல்லலாம்? நேரில் விளிக்கும் செஞோராவுக்கு ‘அம்மா’ போதும். எழுத்தில் ‘கார்சியா அம்மையார்’. ‘தே’ வந்தால் மட்டும் ‘திருமதி’. செஞோரீத்தாவுக்குச் ‘செல்வி’, வகுப்பறைக் காட்சியென்றால் ‘மிஸ்’ அல்லது ‘டீச்சர்’. தோஞா மரியாவுக்கு ‘மரியம்மாள்’ என்பதைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இடுபெயரோடு ஒட்டுகிறது, வயதுக்கு மதிப்புத் தருகிறது, மணமானவரா என்று கேட்பதில்லை.

அரச குடும்பத்துத் தோஞா என்றால் அம்மாள் போதாது. போர்த்துக்கீசியத்தில் இந்தச் சொல் னகரத்தோடு ‘தோனா’ என்றே ஒலிக்கும். கண்டி அரசி குசுமாசன தேவிக்குப் போர்த்துக்கீசியர் ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் தோனா கத்தரீனா. வேலு நாச்சியாரை அறிந்த நாம் அவரைக் கத்தரீனா நாச்சியார் என்று எழுதலாம்.