எட்டிப் பார்க்க முடியாத குழாய்கள்

2005 ஏப்ரலில் இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில், தார்ப் என்ற அணு எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையின் ஓர் அறைக்குள் கேமராவை இறக்கிப் பார்த்தார்கள். யுரேனியமும் புளுட்டோனியமும் கரைந்த நைட்ரிக் அமிலம் தரையில் தேங்கிக் கிடந்தது. மொத்தம் 83,000 லிட்டர். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏழு லோடு!

இவ்வளவும் ஒரே நாளில் கொட்டவில்லை. பல மாதங்களாகவே கசிந்திருக்கிறது. தரைக்குழியில் 2004 நவம்பரில் எடுத்த மாதிரியிலேயே யுரேனியம் தெரிந்தது. யாரும் அதைத் துருவிப் பார்க்கவில்லை.

உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைத் துண்டுகளாக வெட்டி, சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுப்பதுதான் இத்தகைய ஆலைகளின் வேலை. கதிர்வீச்சு கடுமையாக இருப்பதால், ஆலை ஓடத் தொடங்கியபின் அந்த கான்கிரீட் அறைகளுக்குள் ஆள் போக முடியாது. உள்ளே இருக்கும் தொட்டியும் குழாயும் எப்படி மூப்படைகின்றன என்பதை வெளியே இருந்துதான் ஊகிக்க வேண்டும்.

தார்ப்பில் உடைந்தது ஒரு தொட்டியோடு சேரும் குழாய். உள்ளே எவ்வளவு புளுட்டோனியம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்க அந்தத் தொட்டியை எடை போட வேண்டும். அதற்காகக் கம்பிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். எடை போடாத நேரத்தில் அசையாமல் பிடித்துவைப்பது முதல் திட்டம். பின்னால் அது மாறிவிட்டது. திரவத்தைக் கலக்கும்போதெல்லாம் தொட்டி லேசாக ஆடியது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியும் அல்லவா? அதே உலோகச் சோர்வுதான். ஆலை திறந்து பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இதை முதுமை என்றுகூடச் சொல்ல முடியாது, இளநரை!

தரையில் எவர்சில்வர் தகடு போர்த்தியிருந்ததால் எதுவும் வெளியே போகவில்லை, யாருக்கும் காயமும் இல்லை. என்னைக் கேட்டால், அந்த ஆலையில் யோசித்துச் செய்த நல்ல காரியம் அந்தத் தகடுதான். எந்தக் குழாயும் ஒருநாள் ஒழுகும் என்று முன்பே நினைத்து வைத்தது.

அரிப்பு இன்னொரு வகை மூப்பு. அமிலம் தொட்டிச் சுவரை உள்ளிருந்து மெல்ல மெல்லத் தின்னும். சூடு கூடினால் வேகமும் கூடும். அதனால்தான் கழிவை வற்றவைக்கும் ஆவியாக்கிகளில் அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டிலேயே கொதிக்க விடுகிறார்கள். அதே எஃகில் சின்னத் துண்டுகளை அதே அமிலத்தில் ஊறப்போட்டு, அவ்வப்போது எடுத்து எடை பார்ப்பதும் உண்டு. எட்டும் இடங்களில் மீயொலியால் சுவரின் தடிமனை அளப்பார்கள்.

பிரான்ஸின் லா ஹேக் ஆலையில் அப்படி அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 30 வருடம் தாங்கும் என்று வடிவமைத்த ஆவியாக்கிகளின் சுவர், போட்ட கணக்கைவிட வேகமாக மெலிந்துகொண்டிருந்தது. சரி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டலாமே என்றால், உள்ளே போக யாரால் முடியும்? பக்கத்திலேயே புதுக் கட்டடங்களை எழுப்பி, அவற்றில் புது ஆவியாக்கிகளை வைத்து, பழைய ஆலையோடு குழாய்களை இணைத்தார்கள்.