ரதியாசியோன்: ‘பதிவு ரத்து’ என்று எழுதாதீர்கள்

பிரான்சில் சுயதொழில் பதிந்து வேலை பார்த்தவர் அதை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது கையில் ஒரு தாள் இருக்கும்: செர்த்திஃபிகா த ரதியாசியோன் (certificat de radiation). புதுச்சேரியில் அதைத் தமிழாக்குபவர்கள் ‘பதிவு ரத்துச் சான்றிதழ்’ என்று எழுதிப் பழகிவிட்டார்கள். கைபேசி மொழிபெயர்ப்பு ‘கதிர்வீச்சு’ என்று காட்டினால் யாரும் ஏமாறமாட்டார்கள், பார்த்ததுமே பிழை தெரியும். ‘ரத்து’ சரியான சொல்போலத் தோன்றுவதால்தான் கெடுதல் செய்கிறது.

சொல்லின் வேர் எளிது. பிரெஞ்சில் ‘ரெய்யே’ என்றால் கோடு போட்டு அடிப்பது. பட்டியலில் உள்ள பெயரின் மேல் கோடு இழுப்பதே ரதியாசியோன்.

ரத்து அரபு ‘ரத்’திலிருந்து வந்தது, மறுத்தல், திருப்பிவிடுதல் என்று பொருள். பிறமொழிச் சொல் என்பதற்காக அதைத் தள்ளவில்லை. தமிழில் அது எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள்: உரிமம் ரத்து, தேர்வு ரத்து, ஜாமீன் ரத்து. எல்லாமே மேலிருந்து ஒருவர் செய்வது. தொழில் ‘பதிவு ரத்து செய்யப்பட்டது’ என்று படிக்கும் வங்கி மேலாளர், இவர் என்ன தப்பு செய்தார் என்றுதான் முதலில் நினைப்பார். தானே விண்ணப்பித்து ஒழுங்காக முடித்தவருக்கு இந்தக் கறை எதற்கு?

ஜிஎஸ்டியில் அப்படித்தானே சொல்கிறோம் என்பார்கள். அங்கே ஆங்கில மூலத்திலேயே ரத்து என்ற பொருள்தான் இருக்கிறது. நாமே கேட்டு முடிக்கும் REG-16 விண்ணப்பத்துக்கும், அதிகாரி நோட்டீஸ் கொடுத்துத் தானாகச் செய்வதற்கும் ஒரே சொல் என்பதால் அங்கும் குழப்பம்தான். அந்தக் குழப்பத்தைப் பிரெஞ்சுத் தாளுக்கும் ஏற்றுவானேன்?

நமக்கு ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது. மகள் கல்யாணமாகிப் போனால் ரேஷன் கார்டில் ‘பெயர் நீக்கம்’ செய்கிறோம். வாக்காளர் பட்டியலிலும் பெயர் நீக்கம்தான். அதைத் தண்டனை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பிரெஞ்சிலும் அப்படியே: வாக்காளர் பட்டியலுக்கும், கான்சுலேட்டில் வெளிநாடு வாழ் பிரெஞ்சுக் குடியினர் பதிவேட்டுக்கும் இதே ரதியாசியோன்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஊரில் இத்தனை இருந்தும் ‘ரத்து’ நிலைத்துவிட்டது வருத்தம் தருகிறது. ஆகவே, பதிவு நீக்கம்.

இன்னொரு குழறுபடியும் உண்டு. ‘செசாசியோன் தக்திவித்தே’ என்பதையும் அதே ‘ரத்து’க்குள் திணிக்கிறார்கள். அது தொழில் நிறுத்தம். நிறுத்துவது நாம், நீக்குவது பதிவேடு. இரண்டுக்கும் தேதி வேறாக இருக்கலாம், பொறுப்பும் வேறு. நிறுத்திய நாளிலிருந்து 30 நாளுக்குள் தொழில் பதிவுகளுக்கான ‘ஒற்றைச் சாளர’ இணையதளத்தில் அறிவிக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் எல்லாத் தொழிலுக்கும் அந்த ஒரே வழிதான். நடத்துவது இன்பி என்னும் தொழிற்சொத்துரிமை நிறுவனம். பிறகு சமூகப் பாதுகாப்புத் தொகையை வசூலிக்கும் உர்சாஃபுக்குக் கடைசி வரவுக் கணக்கு. வரவு பூஜ்யம் என்றாலும் பூஜ்யம் என்று எழுதியே தர வேண்டும். வருமான வரிக்கான கணக்கு 60 நாளுக்குள். டிசம்பரில் கட்டும் தொழிலிட வரி ஆண்டு நடுவில் நிறுத்தியவருக்கு மாதக் கணக்கில் குறையும், ஆனால் எழுதிக் கேட்டால்தான். ‘ரத்து’ என்று படித்தவர் எல்லாம் ஒழிந்தது என்று விமானம் ஏறிவிடுகிறார். பாக்கி நோட்டீஸ் அவருடைய பழைய பிரெஞ்சு முகவரிக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

சிறுதொழில் (மைக்ரோ) முறையில் பணம் கைக்கு வந்த நாள்தான் கணக்கு. ஆகவே வரவேண்டியதை வசூலித்த பிறகு நிறுத்தத் தேதியை வைப்பது நல்லது. கடைசி உர்சாஃப் பிடித்தம் போகும்வரை வங்கிக் கணக்கை மூடக்கூடாது. ரசீதுகளையும் கணக்குத் தாள்களையும் 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் சுயதொழில் தங்கல் அனுமதி வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். தொழிலை நிறுத்திவிட்டு அங்கேயே சம்பள வேலைக்குப் போவதானால் அனுமதியின் வகையை மாற்றக் கேட்க வேண்டும். புதுப்பிக்கும் விண்ணப்பமோ காலாவதிக்கு 4 மாதம் முதல் 2 மாதம் முன்பு வரை. தங்கல் அனுமதி தரும் அரசு அலுவலகமான பிரெஃபெக்தூரில் காட்டும் கோப்பின் தமிழ்க் குறிப்பில் ‘ரத்து’ என்று இருந்தால், அதை நம்பி வீட்டார் தவறான விளக்கக் கடிதம் எழுதிவிடுவார்கள்.

உண்மையிலேயே ‘ரத்து’ பொருந்தும் இடம் ஒன்று உண்டு: ‘ரதியாசியோன் தொஃபீஸ்’. இரண்டு ஆண்டு தொடர்ந்து வரவே காட்டாத சிறுதொழிலரை அலுவலகமே நீக்குவது இந்த வகை. நாமே கேட்டதற்கும் ‘ரத்து’ என்று எழுதிவிட்டால் இதற்கு எந்தச் சொல்லை வைப்பது? குழப்பம் வராமலிருக்க இதையும் ‘அலுவலகமே செய்த பதிவு நீக்கம்’ என்று நீட்டி எழுதுங்கள். மற்ற இடத்தில் ‘விண்ணப்பத்தின் பேரில் பதிவு நீக்கம்’ என்று எழுதி, பக்கத்திலேயே நிறுத்தத் தேதியையும் தொழிலுக்குத் தரப்படும் 14 இலக்க அடையாள எண்ணான சிரெத்தையும் போடுங்கள்.