என் யார்டில் பிறக்காத எஞ்சின்

என் மாடல் ரயில் மேசையில் அப்போது 1946ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஒரு சிறு ஊர், ஒரு சரக்கு யார்டு, வண்டியைத் தடம் மாற்றிவிடும் ஏழு பாயிண்ட், ஒரு மாவு மில், ஒரு நிலக்கரிக் கிடங்கு. எல்லாம் எச்.ஓ. அளவு. அதாவது நிஜத்தில் 87 அடி இருப்பது மேசையில் ஓர் அடி. வேகன்களைப் பிரித்துச் சேர்க்க ஒரு டீசல் லோகோ வேண்டுமென்று தேடி, கறுப்பு நிறத்தில் கச்சிதமாக இருந்த ஆல்கோ கம்பெனியின் எஸ்-4 ஒன்றை வாங்கினேன். மூன்று மாதம் சந்தோஷமாக ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள், அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றையும் மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சக்கரங்களில் கண் நின்றது. படத்தில் இருப்பது எஸ்-2. என் கையில் இருப்பது அதன் தம்பி. அண்ணன் வந்தது 1940இல். தம்பி வந்ததோ 1949-50 வாக்கில். என் ஊரில் அவன் இன்னும் பிறக்கவே இல்லை!

இரண்டுக்கும் உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டும் 1000 குதிரைத்திறன். வித்தியாசம் கீழே. எஸ்-1, எஸ்-2 இரண்டும் பிளண்ட் என்ற பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் தனி ரகச் சக்கரத் தொகுதியின் மேல் நிற்கும். எஸ்-3, எஸ்-4 வரும்போது அதை விட்டுவிட்டு, மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திய பொது வடிவத்துக்கு ஆல்கோ மாறிவிட்டது. எஸ்-1க்கும் எஸ்-2க்கும் வேறுபாடு காண மேலே பார்க்க வேண்டும். 660 குதிரைத்திறன் எஸ்-1க்குப் புகைபோக்கி ஒல்லி, முன்பக்க ரேடியேட்டர் சட்டமும் குறுகல். எஸ்-2வில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போசார்ஜர் உண்டு. அதனால் புகைபோக்கி குண்டு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தப் பழைய படத்தைப் பார்த்தாலும் முதலில் புகைபோக்கி, பிறகு சக்கரம் என்று கண் தானாகப் போகிறது. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

பாயிண்ட்டை அமெரிக்கர்கள் ஸ்விட்ச் என்பார்கள். நாள் முழுக்க அதன்மேல் போய் வரும் எஞ்சின் என்பதால் ஸ்விட்சர். நம் ரயில்வே வழக்கில் ஷண்டிங் எஞ்சின்.

மாடல் ரயிலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்வார்கள். முதலில் நீராவி, பிறகு டீசல், நடுவில் ஒரு கோடு என்று நினைத்துக்கொண்டு, நீராவிக் கால யார்டில் நீராவியை மட்டுமே ஓட்டுவார்கள். உண்மையில் டீசல் உள்ளே நுழைந்ததே யார்டு வழியாகத்தான். நியூயார்க் நகருக்குள் நீராவி எஞ்சின் கூடாது என்று 1923இல் சட்டம் போட்டார்கள். அந்த நெருக்கடியில் ஆல்கோ, ஜெனரல் எலெக்ட்ரிக், இங்கர்சால்-ராண்ட் மூன்றும் சேர்ந்து கட்டிய 300 குதிரைத்திறன் லோகோவை 1925இல் சென்ட்ரல் ரெயில்ரோடு ஆஃப் நியூஜெர்சி வாங்கியது. எண் 1000. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு சின்ன யார்டில் 1957 வரை உழைத்தது. இப்போது பால்டிமோர் ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதனால் 1946 யார்டில் டீசல் ஷண்டிங் எஞ்சின் வேகன்களைச் சேர்த்துக் கொடுக்க, நீராவி எஞ்சின் அதை இழுத்துக்கொண்டு ஊர் தாண்டிப் போவது தவறே இல்லை. அந்தக் காலத்தின் அசல் காட்சியே அதுதான்.

முப்பத்திரண்டு வருடம் ஒரு எஞ்சின் ஒரே யார்டில் உழைத்தது எப்படி? இதற்கான விடையில்தான் சரியான லோகோவைத் தேர்ந்தெடுக்கும் சூட்சுமமும் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடலாம்.

இந்த லோகோக்களில் டீசல் எஞ்சின் சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டார்களுக்குப் போகும். ஜெனரல் மோட்டார்ஸின் என்டபிள்யூ-2 லோகோவை எடுத்துக்கொள்வோம். 1939 முதல் 1949 வரை ஆயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். 1000 குதிரைத்திறன் என்றால் சுமார் 746 கிலோவாட். வழியில் இழப்பது போகச் சக்கரத்துக்கு 600 கிலோவாட் வந்து சேர்கிறது என்று வையுங்கள். சக்தியை வேகத்தால் வகுத்தால் இழுவிசை. மணிக்கு 8 கிலோமீட்டரில் அது ஏறக்குறைய 27 டன் எடைக்குச் சமம். மணிக்கு 50 கிலோமீட்டரில் நாலரை டன்கூட வராது.

சரி, இன்னும் மெதுவாகப் போனால் இன்னும் அதிகமாக இழுக்குமா? இழுக்காது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் பிடிப்பு, லோகோவின் எடையில் கால் பங்கு அளவுதான். என்டபிள்யூ-2வின் எடை சுமார் 112 டன். கால் பங்கு 28 டன். அதற்குமேல் இழுக்கப் பார்த்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆக, யார்டில் நடக்கிற வேகத்தில் வேலை செய்யும்போது இந்த லோகோவுக்கு 1000 குதிரைத்திறனே போதும். 3000 கொடுத்தாலும் வழுக்கத்தான் செய்யும். அங்கே தேவை எடை. நெடுந்தூர லோகோக்கள் புதிது புதிதாக வந்து பழையவற்றைக் கழித்துக்கட்டின. ஷண்டிங் எஞ்சினை அப்படிக் கழிக்கக் காரணம் கிடைக்கவில்லை. எடைக்கு ஃபேஷன் மாறுவதில்லையே.

ஆகவே கட்டிய ஆண்டு என்பது கீழ்வரம்பு மட்டுமே. 1946க்கு எஸ்-4 கூடாது. ஆனால் 1975 யார்டில் 1941ஆம் வருட எஸ்-2 தாராளமாக நிற்கலாம். மேல்வரம்பில் இத்தனை தாராளம் இருப்பதால், ஒரே மாடலை எந்த ஆண்டுக்குரியதாகக் காட்டுவது என்பது பெயிண்ட்டையும் சில்லறைப் பாகங்களையும் பொறுத்தது. இரண்டு முனையிலும் தண்டவாளத்துக்குச் சற்று மேலே ஒரு மிதிபலகை இருக்கும். யார்டு ஆள் ஓடும் லோகோவில் ஏறி நிற்பது அதில்தான். கால் தவறினால் சக்கரம். 1975 ஏப்ரலுக்குப் பிறகு கட்டிய லோகோக்களில் அது கூடாது என்று விதி வந்தது. பழையவற்றுக்குச் சில வருடம் அவகாசம். எனவே மேசையில் 1985 என்றால் சின்ன ரம்பத்தை எடுத்து அந்தப் பலகையை அறுத்துவிட வேண்டியதுதான். பக்கவாட்டில் வண்ணக் கோடுகள் போட்ட ஒரு பட்டை ஒட்டியிருந்தால் அது 1967க்குப் பிந்தைய காலம். வண்டிகளைக் கருவி படித்து அடையாளம் காண்பதற்காக ஒட்டி, பட்டையில் அழுக்கு படிந்து சரியாகப் படிக்க முடியாமல் 1977இல் கைவிட்ட திட்டம் அது. பெயர்ப்பலகையும் காட்டிக்கொடுக்கும். பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் என்ற இரண்டு ரயில் கம்பெனிகளும் 1968 பிப்ரவரியில் இணைந்து பென் சென்ட்ரல் ஆயின. 1976 ஏப்ரலில் அது கான்ரெயில் என்ற கம்பெனிக்குள் போனது. ஒரே லோகோ மூன்று பெயரில் உழைத்திருக்கும்.

போர்க்காலம் தனிக் கதை. 1943, 1944 என்று மேசையில் தேதி வைப்பவர்கள் ஜெனரல் மோட்டார்ஸின் புத்தம்புதுப் பளபளப்பான எஸ்டபிள்யூ-1ஐ நிறுத்தக் கூடாது. அரசு உத்தரவால் அந்தக் கம்பெனியின் கவனம் நெடுந்தூர லோகோக்களுக்குப் போக, ஷண்டிங் எஞ்சின் வேலை ஆல்கோவுக்கும் பால்ட்வினுக்கும் போனது. எஸ்டபிள்யூ என்பதில் எஸ் என்றால் ஸ்விட்சர் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிக்ஸ் ஹண்ட்ரட், அதாவது 600 குதிரைத்திறன். டபிள்யூ என்றால் வெல்டிங் செய்த சட்டகம். திறன் 1200க்கு ஏறிய பிறகும் எழுத்தை மாற்றவில்லை.

ஆண்டைவிடவும் முக்கியம், யாருடைய ரயில்வே என்பது. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் நிலக்கரியைச் சுமந்தே வாழ்ந்த கம்பெனி; தன் பிழைப்பை எரிக்காத எஞ்சின் மேல் அதற்கு ஆசை வரவில்லை. பக்கத்து செசபீக் அண்ட் ஒஹையோ 1948இல் புதிதாக வாங்கிய நீராவி ஷண்டிங் எஞ்சின்களில் முப்பதை, டீசலுக்கு மாறியதால் 1950இல் விற்றபோது, நார்ஃபோக் அப்படியே வாங்கிக்கொண்டது. அது போதாதென்று ரோனோக் பட்டறையில் அதே ரகத்தைத் தானும் கட்டியது. கடைசி எஞ்சின், எண் 244, வெளியே வந்தது 1953 டிசம்பரில்! அவர்களிடம் டீசல் வந்ததே 1955இல். 1954ஆம் ஆண்டு நார்ஃபோக் யார்டு அமைப்பவருக்கு நான் தரும் யோசனை, டீசலே வாங்க வேண்டாம்.

சிறிய மேசைக்கு எனக்குப் பிடித்தது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் 44 டன் லோகோ. 1940 முதல் 1956 வரை கட்டினார்கள். அதன் எடையை முடிவு செய்தது பொறியியல் மட்டுமில்லை. 90,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள லோகோவில் டிரைவரோடு ஃபயர்மேனும் இருந்தாக வேண்டும் என்று 1937இல் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தமானது. நிலக்கரியே இல்லாத லோகோவில் ஃபயர்மேனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அமெரிக்க டன் 2,000 பவுண்டு. 44 டன் என்றால் 88,000. வரம்புக்குள் நுழைந்துவிட்டது. எச்.ஓ. அளவில் 12 சென்டிமீட்டர்கூட இல்லை.

ஆனால் குட்டி லோகோவுக்கு ஒரு குறை உண்டு. பாயிண்ட்டில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் பல தயாரிப்புகளில் பிளாஸ்டிக். நீளமான லோகோவில் ஒரு சக்கரம் அதன்மேல் இருந்தால் மற்ற சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். குட்டையானது ஊர்ந்து போகும்போது சட்டென்று நின்றுவிடும். விரலால் தள்ள வேண்டும். எல்லாச் சக்கரமும் மின்சாரம் எடுக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். உள்ளே மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் ஒரு கெபாசிட்டர் வைத்தால் அந்தக் கண நேர இடைவெளியைத் தாண்டிவிடும்.

என் எஸ்-4? விற்க மனம் வரவில்லை. நிலையச் சுவரில் ஒட்டியிருந்த அரை சென்டிமீட்டர் காலண்டரை உரித்துவிட்டு, 1953 என்று புதிதாக ஒன்று ஒட்டினேன். தெருவில் நின்ற 1941 மாடல் காரை எடுக்கவில்லை. கொஞ்சம் துருவை மட்டும் பூசிவிட்டேன்.