பிட்டைப் பதிந்தீர்கள், தேங்காய்ப்பூவைப் பதிந்தீர்களா?

காலை: பிட்டு ஒரு கப். பத்து மணி: தேத்தண்ணி. மதியம்: சோறு ஒரு கப், மீன்கறி, பருப்பு, கீரை. இரவு: இடியப்பம் ஐந்து, சொதி. மொத்தம் 1,240 கலோரி.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எடை குறைக்க வருகிறவர்கள் கைபேசியில் காட்டும் உணவுப் பதிவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஆறு வாரம் விடாமல் பதிந்திருப்பார்கள். எடை அரைக் கிலோகூட இறங்கியிருக்காது. "எனக்குத் தண்ணி குடிச்சாலும் உடம்பு வைக்கும்" என்று முடிவுகட்டிவிடுவார்கள், அல்லது தைரொயிட் பரிசோதனை கேட்பார்கள். வைத்தியர் தேவையென்று கருதினால் அதைச் செய்துகொள்ளலாம். ஆனால் பதிவை ஒருமுறை வரிவரியாகப் பார்த்துவிட்டுச் செய்யலாம்.

1992இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதே ஆட்களைப் பற்றியது. நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களின் உடல் உண்மையில் எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று அளந்தார்கள். தைரொயிட்டிலும் குறையில்லை, உடலின் எரிப்பிலும் குறையில்லை. சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் பதிவில் ஏறாமல் இருந்தது. அவர்கள் யாரும் பொய்யர்கள் அல்லர். கண்ணால் அளந்தால் யாருக்கும் இதுதான் நடக்கும். நமது சாப்பாட்டில் தேங்காயும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பதால் நமக்கு இன்னும் எளிதாக நடக்கும்.

முதலில் இலக்கைச் சரிசெய்வோம். கலோரி எண்ணும் கைபேசிச் செயலியைத் திறந்ததும் வாரத்துக்கு எத்தனை கிலோ குறைய வேண்டும் என்று கேட்கும். ஆசையில் பலர் ஒரு கிலோவைத் தொடுகிறார்கள். 42 வயது, 155 சென்ரிமீற்றர் உயரம், 72 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் வந்த மிஃப்ளின் சூத்திரப்படி எடையை 10ஆல் பெருக்க 720, உயரத்தை 6.25ஆல் பெருக்க 969. இரண்டையும் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கி வரும் 210ஐயும், பெண் என்பதால் 161ஐயும் கழிக்க 1,318. ஆண் என்றால் 161ஐக் கழிப்பதற்குப் பதில் 5ஐக் கூட்ட வேண்டும். இது சும்மா படுத்திருக்கவே உடலுக்குத் தேவையான அளவு. வீட்டுவேலை, அலுவலக வேலை என்றால் 1.375ஆல் பெருக்கலாம். ஏறத்தாழ 1,810 வரும். அதில் 400 குறைத்து 1,400 என்று வைத்தால் வயிறு தாங்கும்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் 7,700 கலோரி அளவு இருக்கிறது. வாரம் ஒரு கிலோ என்றால் நாளுக்கு 1,100 குறைக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது 700. அதை எந்தச் செயலியும் தரத் துணியாது, பல செயலிகள் 1,200இல் நின்றுகொள்ளும். யாரைக் கேட்டாலும் தன் இலக்கு 1,200 என்று சொல்வதன் காரணம் இதுதான். அந்த இலக்கில் மூன்றாம் நாள் மாலை பசி வெல்லும், நாலு ரோல்ஸ் உள்ளே போகும், அது பதிவில் ஏறாது. 1,400இல் மெதுவாகப் போனால் மூன்று மாதத்தில் மூன்றரை, நாலு கிலோ இறங்கும். அது உடல் எடையில் 5 சதவீதம். இரத்தச் சீனியும் அழுத்தமும் நல்லபக்கம் திரும்ப அதுவே போதும். படுவான்கரையில் விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் வயலில் இறங்கி நிற்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு 1.375 என்பது 1.7 வரை போகலாம், வயல் வேலை முடிந்ததும் திரும்ப இறக்க வேண்டும்.

இனி அடுப்படி. 5 கிலோ வரை நிறுக்கிற, ஒரு கிராம் காட்டுகிற, பூச்சியமாக்கும் பொத்தான் உள்ள ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். இது இல்லாமல் கலோரி எண்ணத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வோம். 'ஒரு கப் சோறு' என்று செயலி சொல்வது அமெரிக்கக் கப், 158 கிராம், 205 கலோரி. நமது சோற்றுக் கோப்பையில் கறிக்கு இடம்விட்டுப் போட்டாலே 350 கிராம் ஏறிவிடும். அது 455 கலோரி. மதியச் சோறு ஒன்றிலேயே 250 கலோரி காணாமல் போய்விட்டது.

பிட்டையே எடுத்துப் பார்ப்போம். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்லிப் பழகிய ஊர் இது. செயலியில் மட்டும் பிட்டுக்குத் தேங்காய்ப்பூ இல்லை. தேடினால் 'புட்டு' என்று பத்து வரி வரும். யார் எந்த வீட்டில் அவித்ததை வைத்துப் போட்டார்களோ, ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. எதையும் தெரிவு செய்யாதீர்கள். வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி அரிசிமாவைக் கொட்டுங்கள். 250 கிராம் என்று வையுங்கள், அது 900 கலோரி. திரும்பப் பூச்சியமாக்கித் தேங்காய்ப்பூ 125 கிராம், 443 கலோரி. குழலுக்குள் அடுக்கும் பூவும் இந்தக் கணக்குக்குள் வர வேண்டும், பலர் அதைத்தான் விடுகிறார்கள். உப்புக்கும் தண்ணீருக்கும் கலோரி இல்லை, ஆனால் தண்ணீருக்கு எடை உண்டு. அவிந்து குழலிலிருந்து தள்ளிய பிட்டு முழுவதையும் நிறுத்தால் 565 கிராம் வருகிறது என்போம். 1,343 கலோரியை 565ஆல் வகுத்தால் நூறு கிராமுக்கு 238.

இந்த வகுத்தலை நீங்கள் செய்யத் தேவையில்லை. செயலியில் சொந்தச் சமையற்குறிப்பு சேர்க்கும் பகுதிக்குப் போய் மாவையும் தேங்காயையும் போட்டு, எத்தனை பேருக்கு என்று கேட்கும் கட்டத்தில் 565 என்று எழுதுங்கள். ஒரு பங்கு ஒரு கிராம் ஆகிவிடும். அதன்பின் உங்கள் கோப்பையில் 180 கிராம் இருந்தால் 180 பங்கு என்று பதிந்தால் 428 கலோரி தானாக வரும். இதில் மூன்றில் ஒரு பங்கு தேங்காய்ப்பூவினுடையது. அடுத்தநாள் பூவைப் பாதியாக்கிப் பிட்டு அவித்தால் பசியடங்குவதில் பெரிய வித்தியாசம் இராது. கணக்கு உங்களுக்குக் காட்ட வேண்டியது இதைத்தான்.

அரிசியில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 200 கிராம், 720 கலோரி. வெந்து சோறானதும் 550 கிராமைத் தொடும், கலோரி அதே 720தான். சோற்றை நிறுத்துவிட்டு அரிசி என்ற வரியைத் தெரிவு செய்தால் 350 கிராம் சோறு 1,260 கலோரியாகத் தெரியும். பயந்துபோய் சோற்றையே விட்டவர்கள் உண்டு. அரிசியை நிறுத்துவிட்டுச் சோறு என்று பதிந்தால் 720 என்பது 260 ஆகச் சுருங்கும். வேகாததா, வெந்ததா என்று பார்க்காமல் எந்த வரியையும் தொடாதீர்கள். பருப்புக்கும் இதுதான் விதி: வேகாத மைசூர்ப் பருப்பு நூறு கிராம் 350, வெந்தது 116. சிவப்பரிசிக்குக் கலோரி குறைவு என்று நம்பிக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். நார்ச்சத்தில் அது மேல், கலோரியில் வெள்ளையரிசிக்குச் சமம்.

தேங்காய்ப்பாலில்தான் மிகப் பெரிய பிழை நடக்கிறது. செயலியில் அந்தப் பெயரில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று வெளிநாடுகளில் பசும்பாலுக்குப் பதிலாகப் பெட்டியில் விற்கும் தண்ணீர்ப்பதமான பானம், நூறு கிராமுக்கு 30 கலோரி அளவு. மற்றது கெட்டிப்பால், 200 அல்லது அதற்கு மேல். முதலாவதைத் தெரிவு செய்துவிட்டு, தேங்காய்ப்பாலில் காய்ச்சும் பாலாணம் குடித்தால் கணக்கு எங்கே நிற்கும்? கையால் பிழிவதென்றால் பாலை அளக்காதீர்கள், பூவை நிறுங்கள். 150 கிராம் பூவில் 530 கலோரி. பிழிந்த சக்கையில் ஒரு பகுதி தங்கிவிடும் என்பதால் மூன்றில் இரண்டு பங்கு, 350 என்று எழுதினால் பெரிய தவறு வராது. நாலு பேர் சாப்பிடும் சட்டி என்றால் ஆளுக்கு 90. பயப்படும் அளவு ஒன்றுமில்லை. அதே நாளில் பிட்டு, சம்பல், பாலாணம், இரவுச் சொதி என்று நாலு தடவை தேங்காய் வரும்போதுதான் கூடிப்போகிறது.

எண்ணெயை அளப்பது இன்னும் இலகு. சமைக்கமுன் போத்தலை நிறுங்கள், சமைத்தபின் நிறுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் சட்டிக்குள் போனது. மேசைக்கரண்டி ஒன்று 120 கலோரி. சூடைமீன் பொரிப்பதென்றால் தாச்சியை எண்ணெயோடு பொரிக்கமுன்னும் மீனை எடுத்தபின்னும் நிறுத்து, வித்தியாசத்தை மீன் குடித்த எண்ணெய் என்று எழுதலாம். பொரிதூள் கொஞ்சம் தங்கும், பரவாயில்லை. மீனைப் பொறுத்தவரை சதை நூறு கிராம் நூறு கலோரியை ஒட்டித்தான் வரும், புரதம் நிறைய. மீனைக் குறைக்க வேண்டாம், பொரியலைக் குறையுங்கள்.

இதே கழித்தல் முறை தயிர்ச்சட்டிக்கும் பொருந்தும். சட்டியைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கித் தயிரை அள்ளினால் திரையில் கழித்தல் குறியோடு எடுத்த அளவு தெரியும். எருமைத்தயிர் நூறு கிராம் நூறு கலோரி அளவு. செயலியில் முதலில் வரும் 'யோகட்' பெரும்பாலும் பசும்பாலுக்குரியது, 60ஐ ஒட்டி நிற்கும், கொழுப்பகற்றியது என்றால் இன்னும் கீழே. 200 கிராம் தயிரும் இரண்டு மேசைக்கரண்டி சீனியும் என்றால் 300. தயிரை விடச் சொல்லவில்லை, சீனியை விட்டுப் பழமொன்றைப் பிசைந்து சாப்பிடலாம். கஜு 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, 165. கச்சான் 50 கிராம் 285.

தேத்தண்ணியைத் 'தேநீர், 2 கலோரி' என்று பதிகிறார்கள். அது சீனியில்லாத வெறுந்தேத்தண்ணி. பால்மா 10 கிராமும் சீனி குவித்த இரண்டு தேக்கரண்டியும் போட்டால் ஒரு கப் நூறு. நாலு கப் குடிப்பவருக்கு அந்த 400தான் நாம் மேலே சிரமப்பட்டுக் குறைத்த 400. டின்பால் ஊற்றும் கடைகளில் இன்னும் கூடும்.

வெளிச்சாப்பாட்டில் துல்லியம் தேடி மனமுடையாதீர்கள். ஒரு முழுக் கொத்துரொட்டியில் ரொட்டி 250 கிராம் 750, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி 240, முட்டை 70, கோழி 150, ஆக 1,200ஐத் தொடுகிறது. இதைச் சொந்த உணவாகச் சேமித்துவையுங்கள். பாதியைச் சாப்பிட்டு மற்றப் பாதியை வீட்டில் பகிர்ந்தால் அந்த நாள் தப்பும். பாண் இலகு: ஒரு றாத்தல் 450 கிராம், கால் றாத்தல் 300 கலோரி. கல்யாண வீட்டில் தராசு வேண்டாம், கோப்பையைப் படமெடுத்து வைத்து வீட்டுக்கு வந்து பதியுங்கள்.

நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வரும் பதிவுகளில் ஒரு விசித்திரம் தெரியும்: ஒருநாள் 700, மறுநாள் 2,300. செயலியின் நாள் நள்ளிரவில் மாறுகிறது, சாப்பாடு அதற்கு இருபக்கமும் விழுகிறது. நோன்பு திறப்பதிலிருந்து விடியுமுன் உண்ணும் சஹர் வரை ஒரே நாளாக வைத்து, சஹர் உணவை முந்தைய திகதியில் பதிந்தால் கணக்கு நேராகும். கஞ்சிக்குள் போகும் தேங்காய்ப்பாலையும் இறைச்சியையும் பிட்டைப்போலவே சட்டியோடு ஒருமுறை கணக்கிட்டால் மாதம் முழுவதும் போதும்.

நடையைப் பற்றி ஒரு சொல். கல்லடிக் கடற்கரையில் மூன்று கிலோமீற்றர் நடந்தால் 72 கிலோ எடையுள்ளவருக்கு மேலதிகமாகச் செலவாவது 110 கலோரி அளவு. கடிகாரம் அதைவிடக் கூடுதலாகக் காட்டி, செயலி அதை உங்கள் இலக்கில் சேர்த்து 'இன்னும் சாப்பிடலாம்' என்று சொல்லும். அமைப்புகளுக்குப் போய் அந்தச் சேர்ப்பை நிறுத்திவிடுங்கள். நடையை நிறுத்தாதீர்கள், அது இதயத்துக்கும் தசைக்கும்.

எடையைக் காலையில், கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கமுன் பாருங்கள். தினம் பார்த்து ஏழு நாள் சராசரியை எடுப்பது நல்லது. கருவாட்டுக்கறி சாப்பிட்ட மறுநாளும் மாதவிடாயை ஒட்டிய நாட்களிலும் தண்ணீர் தங்கி ஒரு கிலோ கூடத் தெரியும், அது கொழுப்பல்ல. சராசரி மூன்று வாரம் அசையாவிட்டால் இலக்கை வெட்டாதீர்கள். ஒரு வாரம் எல்லாவற்றையும் மீண்டும் தராசில் நிறுத்துப் பாருங்கள். கண்ணளவு திரும்ப வந்திருக்கும். நாலைந்து கிலோ குறைந்த பிறகென்றால் சூத்திரத்தில் புதிய எடையைப் போடுங்கள்.

ஒரு வீட்டில் திரும்பத் திரும்பச் சமைப்பது இருபது, இருபத்தைந்து உணவுகள்தான். இரண்டு வாரத்தில் அவ்வளவும் சேமிப்பில் ஏறிவிடும், பிறகு நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். மூன்று மாதத்துக்குமேல் தராசோடு வாழ வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்துச் சாப்பிடவே அச்சம் வருகிறது, சாப்பிட்டபின் குற்றவுணர்வு வருகிறது, வேண்டுமென்றே வாந்தியெடுக்கத் தோன்றுகிறது என்றால் அன்றே செயலியை அழித்துவிட்டு வைத்தியரிடம் பேசுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்குட்பட்டவர்கள் தாமாக இதைத் தொடங்கக் கூடாது.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் குளிசை எடுப்பவர்களும் தொடங்கமுன்னரே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். பழைய சோற்றுக்கு ஏற்ற மருந்து, பாதிச் சோற்றுக்குக் கூடிப்போகும். வேர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, இரத்தச் சீனி 70க்குக் (mg/dL) கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள், ஏறாவிட்டால் மறுபடி குடியுங்கள். ஏறியதும் சோறோ பாணோ சாப்பிடுங்கள். அன்றைய இலக்கு தாண்டினால் தாண்டட்டும். மறுநாளே அந்த உணவுப் பதிவையும் குளிசை மட்டையையும் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.